முப்பத்தொன்றும் ஐம்பத்தைந்தும்

1976 அக்டோபர் 3. மேற்கு ஜெர்மனியில் நாடாளுமன்றத் தேர்தல். தலைநகரம் அப்போது பெர்லின் இல்லை, பான். ரைன் நதிக்கரையில், பெத்தோவன் பிறந்த சின்ன ஊர். சான்சலர் பதவியில் இருந்தவர் சமூக ஜனநாயகக் கட்சியின் ஹெல்முட் ஷ்மிட். அவரை எதிர்த்து நின்றவர் கிறித்தவ ஜனநாயகக் கட்சியின் ஹெல்முட் கோல். வாக்காளர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஓட்டுப் போட்டார்கள். கோல் அணிக்கு 48.6 சதவீதம். அந்த அணியின் வரலாற்றில் அதுவரை அதைவிட அதிகம் கிடைத்தது 1957-இல் ஒரே ஒரு முறைதான். இருந்தும் பயனில்லை. ஷ்மிட்டின் கட்சியும் அதன் கூட்டாளியான சுதந்திர ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து 253 இடங்களைப் பிடித்தன. கோல் அணிக்கு 243. ஷ்மிட்டே சான்சலராகத் தொடர்ந்தார்.

இவ்வளவு நெருக்கத்தில் தோற்றவர்கள் எந்த நாட்டிலும் காரணம் தேடுவார்கள். நம் ஊரில் வாக்கு இயந்திரத்தின் மேல் பழி விழும். ஜெர்மனியில் கேமரா மேல் விழுந்தது.

பழி சொன்னவர்கள் கையில் எண்ணிக்கை இருந்தது என்பதுதான் இந்தக் கதையின் சுவாரசியம். மைன்ஸ் பல்கலைக்கழகத்தின் ஊடக ஆய்வாளர் ஹான்ஸ் மத்தியாஸ் கெப்லிங்கர், ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். என்ற இரண்டு பொதுத் தொலைக்காட்சிகளும் அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து தேர்தல் வரை ஒளிபரப்பிய பிரசாரச் செய்திகளை எடுத்து ஷாட் ஷாட்டாக வகைப்படுத்தினார். பேச்சின் பொருளை விட்டுவிட்டு, கேமரா எங்கே இருந்தது என்று மட்டும் பார்த்தார். கண் மட்டத்தை விட்டு நன்றாக விலகி, மேலிருந்தோ கீழிருந்தோ எடுத்த ஷாட்கள் ஷ்மிட்டுக்கு 31. கோலுக்கு 55.

இந்த வித்தியாசத்துக்கு என்ன பொருள்? கெப்லிங்கர் தானே தீர்ப்புச் சொல்லாமல் தொழிலில் இருக்கிறவர்களிடம் கேட்டார். தொலைக்காட்சிக் கேமராமேன்களுக்குக் கேள்வித்தாள் போயிற்று. வெறும் காட்சி உத்தியால் ஒருவரை நல்லவராகவோ மோசமானவராகவோ காட்ட முடியுமா என்ற கேள்விக்கு, நன்றாகவே முடியும் என்றவர்கள் 78 சதவீதம். மீதிப் பேரும் முடியும் என்றார்கள். முடியாது என்று யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு ரொம்பப் பிடித்த அரசியல்வாதியை எப்படி எடுப்பீர்கள் என்றதற்கு மூன்றில் இரண்டு பங்கினர் சொன்ன பதில், நேர் எதிரே, கண் மட்டத்தில். அப்படி எடுத்தால் ஆள் நிதானமாக, இயல்பாகத் தெரிவார், பார்க்கிறவருக்குப் பிடித்துப்போகும் என்பது அவர்கள் அனுபவம். உச்சியிலிருந்தோ தரையிலிருந்தோ எடுத்தால் வெறுப்புத்தான் வரும், அல்லது ஆள் உள்ளீடற்றவராகத் தெரிவார். அந்தக் கோணத்தைப் பிடித்தவருக்கு வைப்பேன் என்றவர் ஒருவருமில்லை.

கோடம்பாக்கத்து ஆள் யாராவது இதைப் படித்தால் சிரித்துவிடுவார். லோ ஆங்கிள் வைத்தால் வெறுப்பு வருமா? முதலில் செருப்பு, அப்புறம் வேட்டி நுனி, அப்புறம் தரையிலிருந்து நிமிர்ந்து பார்க்கும் கேமராவில் மலை மாதிரி எழும் ஆள். தமிழ் சினிமாவில் நாயகன் அறிமுகம் என்றாலே இதுதான். ‘பாட்ஷா’வும் ‘படையப்பா’வும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு லோ ஆங்கிளின் பொருளை யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. அண்ணாசாலையில் நிறுத்தப்பட்ட கட்அவுட்டுகளே நிரந்தர லோ ஆங்கிள்தான். எண்பது அடி உயர முகத்தைத் தரையில் நின்று வேறு எப்படிப் பார்ப்பது? பாடப்புத்தகங்களும் இதையே சொல்கின்றன: கீழிருந்து பார்த்தால் பலம், மேலிருந்து பார்த்தால் பலவீனம்.

சூத்திரத்துக்கு ஜெர்மனியிலேயே நல்ல உதாரணம் உண்டு. முர்னாவ் இயக்கி 1924-இல் வந்த மௌனப்படம் ‘கடைசி மனிதன்’. பெரிய ஹோட்டலின் வாயிற்காவலராக எமில் யானிங்ஸ். பித்தான் மின்னும் சீருடையோடு அவர் நிற்கும்போது கார்ல் ஃப்ராய்ண்டின் கேமரா தாழ்ந்து பணிகிறது. சீருடையைப் பறித்துக் கழிவறைப் பணிக்கு அனுப்பிய பிறகு அதே ஆளை மேலிருந்து பார்க்கிறது. வசன அட்டையே கிட்டத்தட்ட இல்லாத படம் அது. ஒரு மனிதன் விழுந்துவிட்டான் என்பதைக் கேமராவின் உயரமே சொல்லிவிடுகிறது.

ஆனால் சூத்திரம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. உலக சினிமாவில் மிகப் பிரபலமான லோ ஆங்கிள் எது என்று கேட்டால் பலரும் ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ படத்தைச் சொல்வார்கள் (1941, ஒளிப்பதிவு கிரெக் டோலண்ட்). செட்டின் தரையையே வெட்டிக் குழி பறித்து, அதற்குள் கேமராவை இறக்கி எடுத்தார்கள். திரையில் கேன் கூரையை முட்டிக்கொண்டு நிற்கிறார். அது என்ன காட்சி? கவர்னர் தேர்தலில் அவர் தோற்ற இரவு. வெற்றி பெற்றவனுக்குரிய கோணத்தைத் தோற்றவனுக்குக் கொடுத்தபோது, தன் பருமனைத் தானே சுமக்க முடியாதவனாக அவன் தெரிந்தான். பானில் தோற்றவரும் கண் மட்டத்தை விட்டு விலகி அதிகம் எடுக்கப்பட்டவரும் ஒருவரே என்பதை நினைத்தால் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

உளவியல் ஆய்வுக்கூடங்கள் என்ன சொல்கின்றன? அவையும் ஒரே குரலில் பேசவில்லை. ராபர்ட் கிராஃப்ட் 1987-இல் வெளியிட்ட சோதனைகளில், கீழிருந்து எடுத்த படங்களிலுள்ள ஆட்கள் உயரமானவர்களாக, பலசாலிகளாக, சண்டைக்காரர்களாக மதிப்பிடப்பட்டார்கள். 1973-இல் மாண்டெல், ஷா இருவரும் செய்திப் படத்தில் செய்த சோதனையும் ஏறக்குறைய அதையே சொன்னது. ஆனால் 1977-இல் மெக்கெய்ன் குழுவினர் தொலைக்காட்சியில் பேசும் ஆளை வைத்துச் சோதித்தபோது முடிவு தலைகீழாக வந்தது. மேலிருந்து எடுக்கப்பட்டவரே கூடுதல் திறமையும் நிதானமும் உள்ளவராகத் தெரிந்தார்.

ஒன்று சரி, மற்றது தப்பு என்று தள்ளத் தோன்றும். தள்ள வேண்டாம். உயரத்துக்கும் அதிகாரத்துக்கும் மனித மூளையில் ஒரு முடிச்சு இருப்பது உண்மை. ஜெர்மானிய உளவியலாளர் தாமஸ் ஷூபர்ட் 2005-இல் இதைச் சுத்தமாகக் காட்டினார். கேமராவே இல்லை, திரையில் இரண்டு சொற்கள் மட்டும். அதிகாரம் மிக்க தரப்பின் பெயர் மேலே இருந்தால் அதுதான் அதிகாரத் தரப்பு என்று சொல்ல ஆட்களுக்கு நேரம் குறைவாக ஆனது. கீழே இருந்தால் தடுமாறினார்கள். மேல் என்றால் மேலோர். நான்கு வயதுவரை எல்லா அதிகாரத்தையும் அண்ணாந்து பார்த்தே வளர்ந்த உயிருக்கு இது வியப்பில்லை.

அந்த முடிச்சோடு முகத்தின் வடிவியலும் சேர்ந்துகொள்கிறது. ஜப்பானின் நோ நாடகத்தில் அணியும் மரமுகமூடியைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தாலும் பின்னால் சாய்த்தாலும் பார்ப்பவர்கள் அதில் வேறு வேறு உணர்ச்சியைப் படிக்கிறார்கள் என்று 2000-இல் ஒரு சோதனை காட்டியது. மரத்துக்கு உணர்ச்சி ஏது? உதட்டின் வளைவு பார்க்கும் கோணத்துக்கேற்ப மேலோ கீழோ வளைந்ததாகக் கண்ணில் விழுகிறது, அவ்வளவுதான். கேமராவைத் தாழ்த்தினால் தாடையும் மூக்குத்துவாரமும் முன்னுக்கு வந்து கண் சுருங்கும். உயர்த்தினால் நெற்றி பெருத்து, புருவம் கண்மேல் கவிந்து, முறைப்பது மாதிரி ஆகலாம். ஆக, மேலிருந்து எடுத்த ஷாட் உடம்பைச் சிறிதாக்கும் அதே நொடியில் முகத்தைக் கடுமையாக்கவும் கூடும். ஒரே கோணம், இரண்டு எதிரெதிர்ச் செய்திகள். சோதனைக்குச் சோதனை முடிவு மாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொரு காரணம் பழக்கம். சினிமா ரசிகன் கோணம் மாறிக்கொண்டே இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் டிக்கெட் வாங்குகிறான். செய்தி பார்ப்பவன் அப்படியில்லை. செய்தி வாசிப்பவர் எப்போதும் கண்ணுக்கு நேராக இருக்கிறார். அதுவே அங்கே விதி. விதியாக இருப்பது கண்ணில் படாது, விலகல்தான் படும். கீழிருந்து எடுத்த அரசியல்வாதி செய்தியில் பிரம்மாண்டமாகத் தெரிவதைவிட, ஏதோ சரியில்லை என்றே தெரிவார். அதிலும் ஜெர்மனியில் இந்தக் கோணத்துக்கு ஒரு கெட்ட நினைவு வேறு உண்டு. 1934 நியூரம்பர்க் மாநாட்டை லெனி ரீஃபென்ஷ்டால் படமாக்கியபோது ஹிட்லரை வானத்தைப் பின்னணியாக வைத்துக் கீழிருந்து எடுத்தார். கொடிக்கம்பத்தில் லிஃப்ட் கட்டிக் கேமராவை ஏற்றி உச்சியிலிருந்து கூட்டத்தைப் புழுக்களாகவும் எடுத்தார். அந்தப் படம் வந்து நாற்பது ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்திலேயே கெப்லிங்கரின் கேள்வித்தாள் போகிறது. தலைவரைத் தரையிலிருந்து எடுக்கவே மாட்டோம் என்று மேற்கு ஜெர்மானியக் கேமராமேன்கள் சொன்னதில் இதற்கும் பங்கிருக்கும் என்று ஊகிக்கிறேன்.

சரி, அந்த 55-க்கு வருவோம். கேமராமேன்கள் வேண்டுமென்றே கோலைக் கெடுத்தார்களா?

கோல் 1.93 மீட்டர் உயரம். முதலில் தோன்றும் சமாதானம் இதுதான்: நெட்டையான ஆளை எடுத்தால் கீழிருந்து எடுத்த மாதிரித்தானே வரும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தோளில் வைத்த கேமராவின் லென்ஸ் தரையிலிருந்து 1.65 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். கோலின் கண் சுமார் 1.80 மீட்டரில். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் கேமரா அண்ணாந்து பார்ப்பது 6 டிகிரிதான். இதையெல்லாம் எவரும் லோ ஆங்கிள் என்று சொல்ல மாட்டார்கள். இப்போது அவரை ஒன்றரை மீட்டர் உயர மேடையில் ஏற்றுங்கள், கேமராமேனை மேடையிலிருந்து மூன்று மீட்டரில் நிறுத்துங்கள். கோணம் ஒரேயடியாக 29 டிகிரி ஆகிவிடும். அதே மேடையில் 1.72 மீட்டர் உயர ஆள் நின்றாலும் 26 டிகிரி வரும். உயரத்தால் வந்தது வெறும் மூன்று டிகிரி, மீதியெல்லாம் மேடை செய்த வேலை. கேமராமேன் மேடையிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி நின்று டெலி லென்ஸ் போட்டால் கோணம் மறுபடி 6 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆக, ஒரு தலைவர் எந்தக் கோணத்தில் வீட்டுக்குள் வருகிறார் என்பதை முடிவு செய்வதில் அவருடைய உயரத்தைவிட, பத்திரிகையாளர்களைத் தடுக்கும் கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்பதற்கே பங்கு அதிகம்.

இங்கேதான் பான் முக்கியமாகிறது. ஷ்மிட் பதவியிலிருந்தவர். மேடையில் அவரும் பேசினார்தான். ஆனால் சான்சலருக்கு வேறு காட்சிகளும் உண்டு. வெளிநாட்டு விருந்தினரோடு சோபாவில், அமைச்சரவை மேசையில், பேட்டியாளருக்கு எதிரே நாற்காலியில். இவையெல்லாம் தாமாகவே கண் மட்டத்துக்கு வருகிறவை. 1976 ஜூலையில்தான் பானில் புதிய சான்சலர் அலுவலகத்துக்குக் குடிபோனார். அந்தக் கட்டடத்துக்குக் ரைன் பகுதிச் சேமிப்பு வங்கியின் களைதான் இருக்கிறது என்று அவரே கிண்டல் செய்தார். கோல் அப்போது மைன்ஸில் மாநில முதல்வர். தேசிய அரங்கில் அவர் தெரிய வேண்டுமென்றால் பிரசார மேடைதான் வழி. பதவியில் இருப்பவருக்குக் கண் மட்டம் இலவசம், சவால் விடுபவருக்கு மேடையும் குழியும். 24 ஷாட் வித்தியாசத்தில் எத்தனை பங்கு இதனால் வந்தது, எத்தனை பங்கு கேமராமேனின் மனச்சாய்வால் வந்தது என்று எண்ணிக்கை மட்டும் பிரித்துச் சொல்லாது. ஷாட்டை எண்ணலாம், உள்நோக்கத்தை எண்ண முடியாது.

அரசியல் அந்த நுணுக்கத்துக்குக் காத்திருக்கவில்லை. கருத்துக்கணிப்பு நிபுணர் எலிசபெத் நோயல்-நொய்மன் இந்த எண்களைத் தம்முடைய ‘மௌனச் சுழல்’ கோட்பாட்டோடு இணைத்தார். தொலைக்காட்சி நிருபர்கள் ஷ்மிட் ஜெயிப்பார் என்று நம்பினார்கள், அந்த நம்பிக்கை படத்தில் கசிந்தது, அதிகம் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்குத் தொற்றியது, கோல் ஆதரவாளர்கள் வாய் மூடினார்கள் என்பது அவர் வாதம். அவர் கோலின் கட்சிக்கு ஆலோசகராக இருந்தவர் என்பதும் ஊரறிந்த விஷயம். எதிர்த்தரப்பு அதைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை. பொதுத் தொலைக்காட்சி இடதுசாரிகளின் கையில் இருக்கிறது என்று கிறித்தவ ஜனநாயகக் கட்சிக்குள் நெடுநாளாக இருந்த குமுறலுக்கு இது எண்ணெய் வார்த்தது. 1982 அக்டோபர் 1 அன்று பான் நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வென்று ஷ்மிட் இறங்கினார், கோல் சான்சலரானார். 1984 ஜனவரி 1 அன்று ஜெர்மனியின் முதல் தனியார் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. தொடங்கிய இடம் லுட்விக்ஸ்ஹாஃபன், கோலின் சொந்த ஊர். பதினாறு ஆண்டுகள் பதவியில் இருந்தார் மனிதர். லோ ஆங்கிளால் வந்த சேதம் நிரந்தரமில்லை போலும்.

கோணத்தைப் பற்றி இத்தனை சண்டை நடந்தது. என் கணிப்பில், அதைவிட ஆழமாக வேலை செய்வது ஃபிரேமுக்குள் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதுதான். ‘காட்ஃபாதர்’ (1972) தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். நியாயம் கேட்டு வந்தவனின் முகம் திரை முழுக்க. கேமரா மெல்லப் பின்வாங்குகிறது. டான் கோர்லியோன் நெடுநேரம் ஒரு தோளாகவும் ஒரு கையாகவும் மட்டும் ஓரத்தில் இருக்கிறார். லோ ஆங்கிளே இல்லை. காட்டாமல் வைத்திருப்பதே அதிகாரமாகிறது.

இதற்குச் சினிமாவைவிடக் கனமான சான்று காவல் நிலையத்திலிருந்து வருகிறது. 1975-இல் ஷெல்லி டெய்லர், சூசன் ஃபிஸ்க் இருவரும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். இரண்டு பேர் உரையாடுகிறார்கள், சுற்றிலும் பார்வையாளர்கள். யாருடைய முகம் தமக்கு நேரே தெரிந்ததோ அவர்தான் உரையாடலை நடத்தினார் என்று பார்வையாளர்கள் நினைத்தார்கள். உட்கார்ந்த இடம் தீர்ப்பை மாற்றியது. அமெரிக்காவில் டேனியல் லாசிட்டர் 1986-இலிருந்து இதை வாக்குமூல வீடியோக்களில் சோதித்தார். ஒரே விசாரணை. கேமரா சந்தேக நபரை மட்டும் காட்டினால், அவர் தாமாகவே ஒப்புக்கொண்டார் என்று பார்ப்பவர்கள் சொன்னார்கள். விசாரிக்கும் அதிகாரியும் சமமாகத் தெரியும்படி வைத்தால் அந்த நம்பிக்கை குறைந்தது. அதிகாரி தெரியும்போதுதான் அவர் கொடுக்கும் நெருக்கடியும் கண்ணில் படுகிறது. அனுபவமுள்ள நீதிபதிகளும் போலீஸ்காரர்களும்கூட இதற்குத் தப்பவில்லை. நியூசிலாந்து காவல்துறை இருவரையும் சமமாகக் காட்டும் முறையையே விதியாக வைத்திருக்கிறது. கேமராவை எங்கே வைப்பது என்பது அங்கே அழகியல் பிரச்சினை இல்லை. ஒரு ஆளின் சிறைவாசம் அதைப் பொறுத்தது.

நாடாளுமன்றத்துக்கும் இதுவே பொருந்தும். பிரிட்டனின் மக்களவை 1989 நவம்பரில் தொலைக்காட்சிக் கேமராக்களை உள்ளே விட்டபோது கூடவே எழுத்தில் விதி போட்டது. பேசுகிறவரைத் தலையும் தோளும் தெரியும் அளவில்தான் காட்டலாம், கலாட்டா வந்தால் கேமரா சபாநாயகர் பக்கம் திரும்ப வேண்டும். விதி நல்லதா கெட்டதா என்பது இருக்கட்டும், அது எல்லோருக்கும் தெரிந்த விதி. 2023 ஆகஸ்ட் 9 அன்று நம் மக்களவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மேல் ராகுல் காந்தி 37 நிமிடம் பேசினார். சன்சத் டிவி அவரைக் காட்டியது 14 நிமிடம் 37 விநாடிதான், மீதி நேரம் பெரும்பாலும் சபாநாயகர் இருக்கைதான் தெரிந்தது என்று காங்கிரஸ் குற்றம் சாட்டியது. அரை நூற்றாண்டுக்கு முன் ஜெர்மனியில் எண்ணியது ஷாட்டை. டில்லியில் எண்ணியது விநாடியை.

தமிழ்நாடு சட்டமன்றத்தில் கேள்வி நேரம் நேரலையாக வரத் தொடங்கியது 2022 ஜனவரியில். எதிர்க்கட்சித் தலைவர் பேசும்போது படம் வருவதில்லை என்று அதிமுக புகார் சொன்னதும், முழு நேரலை கேட்டு உயர் நீதிமன்றம் வரை போனதும் பத்திரிகையில் வந்த செய்திகள். முழு நேரலை நிச்சயம் வர வேண்டும். ஆனால் அதைக் கேட்கிறவர்கள், எந்தக் கட்சியானாலும், அதே மனுவில் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கட்டும்: பேசுகிறவரை எந்த அளவு ஷாட்டில், எந்த உயரத்திலிருந்து, எவ்வளவு நேரம் காட்டுவது, குறுக்கிடுகிறவரைக் காட்டுவதா கூடாதா என்பதற்கெல்லாம் அச்சிட்ட விதி வேண்டும், அது மக்கள் பார்வைக்கும் வேண்டும்.